மலர்க்கொடியின் இடது கால்

பழக்கத்தின் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை. நாலரைக்கு எழுவேன், அரை மணி நேரம் நடப்பேன், செய்ததையெல்லாம் போனில் டிக் அடிப்பேன். இருநூற்றுப் பன்னிரண்டு நாளாக ஒரு நாள்கூட விட்டதில்லை என்று கேட்காதவர்களிடமும் சொல்வேன். வலங்கைமான் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பக்கவாதம் வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். போகிற வீட்டிலெல்லாம் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டிவிடுவேன். செய்யாதவர்களைத் திட்டுவேன். “ஜூலியட்டம்மா வண்டிச் சத்தம் கேட்டாலே என் கால் தானா ஆடுது” என்று ஒருவர் சொன்னதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அந்த அட்டவணை மலர்க்கொடியிடம் தோற்றது. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆடி மாதம் ஒரு காலையில் இடது பக்கம் விழுந்துவிட்டது. பிறகு இடது கையில் கொஞ்சம் பிடி வந்தது, நிற்கவும் வந்தது. ஆனால் இடது காலை எடுத்து முன்னால் வைக்கச் சொன்னால், அது நட்டுவைத்த கம்பம் போல நிற்கும். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நான் அடித்த அடிக்கு அம்மி இந்நேரம் பாபநாசம் போய்ச் சேர்ந்திருக்கும். ஆறு வாரமாகியும் அந்தக் கால் ஒரு சாண் நகரவில்லை.

மகள் எழில்மொழி சென்னையில் கல்லூரி ஆசிரியை. போனில் என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். “வெள்ளிக்கிழமை வர்றேங்க. அம்மாவால தானா பாத்ரூம் வரைக்கும் போக முடியலன்னா இங்க கூட்டிட்டு வந்துடறேன். குடலிறக்க ஆபரேஷன் ஆன அப்பாவால எத்தனை நாள் தூக்க முடியும்?” அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. மலர்க்கொடியும் மறுக்கவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அவ வீட்டு மூணாவது மாடியில ஜன்னலத் திறந்தா என்னம்மா தெரியும்?”

“எதிர் வீட்டு மாடிங்கம்மா” என்றேன். அவர் கொல்லைக் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை போனபோது கொல்லையை ஒட்டிய வயலில் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. வேடிக்கை பார்க்க வேண்டும் என்றார். கணவர் முருகையனும் நானும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக் கொண்டுபோய் வேலிக் கம்பைப் பிடித்து நிற்கவைத்தோம். இடது கைக்குப் பயிற்சியாக வழக்கம் போலத் துண்டைச் சுருட்டிக் கொடுத்தேன். எட்டுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து, நட்டுக்கொண்டே பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். வரப்போரமாக, மலர்க்கொடிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் தங்கம்மாள் நட்டுக்கொண்டிருந்தார். இருவரும் சிறுவயதிலிருந்து ஒரே வரிசையில் நட்டவர்கள்.

எனக்குப் போன் வந்தது. முருகையன் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். ஒரு நிமிடம் திரும்பிப் பேசியிருப்பேன். மறுபடி பார்த்தபோது வேலிக் கம்பில் ஆள் இல்லை.

மலர்க்கொடி நாலடி தள்ளி, பிடிமானம் எதுவும் இல்லாமல் குனிந்து நின்றார். சுருட்டிய துண்டு இடது கையில், நடவுக்குக் கட்டிய நாற்று முடி மாதிரி இருந்தது. வலது கை அதிலிருந்து எதையோ பிரித்து, கொல்லை ஈரத்தில் விரலை ஊன்றி எடுத்தது. வலது கால் பின்னால் போனது. கூடவே இடது காலும் போனது.

ஓடிப்போய்ப் பிடிக்கக் கை நீட்டினேன். தங்கம்மாள் நிமிராமலே சொன்னார்: “தொடாதீங்கம்மா. வரிசையில நிக்கிறவள இழுத்தா விழுந்துருவா.”

நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு கூடவே போனேன். இந்த நிலையில் இருப்பவர்களைக் குனியவிடக் கூடாது என்று படித்தவள் நான். என் கண் முன்னால் ஒரு பெண் குனிந்துதான் போனாள். தங்கம்மாள் ஓர் எட்டு வைத்தால் இவரும் ஓர் எட்டு. பதினேழு எட்டு எண்ணினேன். கொல்லைக் கடைசியிலிருந்த பாத்ரூம் சுவர் முதுகில் இடித்ததும்தான் நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

“எப்படிம்மா நடந்தீங்க?”

“நான் எங்க நடந்தேன்? தங்கம்மா போறா. நான் மட்டும் நின்னா நல்லாவா இருக்கும்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினோரு வயதில் சேற்றில் இறங்கியவர். குறுவை, சம்பா என்று நாற்பத்தேழு வருடம் பின்னாலேயே நடந்து, அந்தக் கூலியில் மகளைப் படிக்கவைத்தவர். நோய் முன்னால் போகும் வழியை அடைத்துவிட்டது. பின்னால் போகும் வழி ஒன்று இருப்பது அதற்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஒரு டிக் இல்லாமல், யாரும் பார்க்காமல், ஓர் உடம்புக்குள் இவ்வளவு சேர்ந்திருக்குமா?

அடுத்த நாளே முருகையன் வீட்டுக் கதவிலிருந்து பாத்ரூம் வரை கைப்பிடிக்கு நைலான் கயிறு கட்டினார். புதனும் வியாழனும் பக்கத்தில் நான் குனிந்து போனேன். சேலைத் தலைப்பில் சேறு அப்பியதுதான் மிச்சம். அவர் கூடவே வந்தார், ஆனால் சிரித்துக்கொண்டே வந்தார்.

வெள்ளிக்கிழமை எழில்மொழி வந்தார். அம்மாவின் துணிகளுக்கென்று ஒரு காலிப் பெட்டியும் கொண்டுவந்திருந்தார். மலர்க்கொடி கொல்லைக் கதவருகே துண்டோடு குனிந்தார். ஆனால் கால் வரவில்லை. மகள் பார்க்கிறாள் என்ற கூச்சமோ என்னவோ, வலது கை மண்ணைத் தொட்டபடியே நின்றுவிட்டது. நான் பக்கத்தில் போகக் காலெடுத்தேன்.

அதற்குள் எழில்மொழி செருப்பைக் கழற்றினார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். வாழ்க்கையில் ஒரு நாற்றுக்கூட நட்டதில்லை. நடவிடவும் இல்லை அம்மா. வெறும் விரலை ஈர மண்ணில் ஊன்றினார். ஓர் எட்டு பின்னால் வைத்தார்.

மலர்க்கொடியின் இடது கால் வந்தது.

இருவரும் அப்படியே போனார்கள். பாதித் தூரத்தில் மலர்க்கொடி தலையைத் திருப்பி, மகளுடைய விரல் தடங்களைப் பார்த்தார்.

“வரிசை கோணுது பாரு” என்றார். “நீ மெட்ராசுக்குத் திரும்பிப் போறதுக்குள்ள கத்துக்க.”