ஒன்று மட்டும் ஓடிய காலை

வீட்டில் நான் வாண்டு, ஆபீசில் தூங்குமூஞ்சி. வயது இருபத்து நான்கு. இப்போது இருப்பது ஆபீஸ் மாடிப்படியில், கைப்பிடியை ஒட்டி. அக்கா, இதை வாயால் சொல்லித்தான் போனில் எழுதுகிறேன். நாம் பேசுகிற மாதிரி பேசினால் அது கன்னாபின்னாவென்று எழுதுகிறது. அதனால் புத்தகத் தமிழில் சொல்கிறேன், ஆபீசில் பேசியதை மட்டும் கையால் திருத்திவிடுகிறேன். சிரிக்காதே.

என் வேலை என்னவென்று கேட்டுக்கொண்டே இருப்பாயே. டாக்டரைப் பார்க்க நேரம் வாங்குகிற வெப்சைட் எங்களுடையது. அதில் எதையாவது மாற்றினால், வெளியே விடுவதற்கு முன் பிரவுசர் தானாகத் திறந்து, ஒரு நோயாளி மாதிரி பெயரை அடித்து, பட்டன்களை அமுக்கிப் பார்க்கும். அப்படி நிறைய டெஸ்ட். ஒன்று தகராறு செய்தால் அதன் தலையில் 'இது மட்டும்' என்று ஒரு குறி போடுவோம். மற்றவை சும்மா இருக்கும், அது மட்டும் ஓடும். சரிசெய்ததும் குறியை எடுத்துவிட வேண்டும்.

இன்று காலை எல்லாவற்றையும் ஓடவிட்டுவிட்டு டீ போடப் போனேன். வழக்கமாக டீ குடித்து, கப்பைக் கழுவி வைத்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். இன்று தண்ணீர் கொதிப்பதற்குள் முடிந்துவிட்டது. எல்லாம் பச்சை, பாஸ் என்று அர்த்தம். மேனேஜருக்குச் சந்தோஷம். "சாப்பாட்டுக்கு முன்னாடி வெளிய விட்டுடலாம்" என்றார். இவ்வளவு சீக்கிரம் முடியாதே என்று தோன்றியது. போய்ப் பார்த்தால், ஓடியது ஒன்றே ஒன்று. நேற்று சீனியர் போட்ட குறி அப்படியே இருந்தது.

சீனியரைத் தெரியுமே உனக்கு. இந்த ஊரில் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரே ஆள். தூங்குமூஞ்சி என்று பேர் வைத்ததும் அவர்தான். அவரையும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

அவர் மேஜைக்குப் போய் மெதுவாகச் சொன்னேன். "அக்கா, நேத்து போட்ட குறிய எடுக்கலையே. ஒண்ணுதான் ஓடியிருக்கு."

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "சரி, சத்தம் போடாத. போன வாரம் எல்லாம் நல்லாத்தானே ஓடுச்சு? வெளிய போகட்டும். மத்தியானம் நான் கமுக்கமா எடுத்துடுறேன்."

"ஒரு தடவ முழுசா ஓட்டிப் பாத்துடலாமேக்கா."

"இப்ப நிறுத்தச் சொன்னா ஏன்னு கேப்பாரு. போன தடவையே நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். நீ பேசாம போய் உன் வேலையப் பாருடா."

என் மெஷினில் குறியை எடுத்துவிட்டு ஓட்டினேன். பிரவுசர் ஜன்னல் திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது. நடுவில் ஒன்று சிவப்பு. அதை மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்தேன், மறுபடியும் சிவப்பு. தேதியை மாற்றினால் பழைய நேரமும் போய்விடுகிறது, புதியதும் கிடைப்பதில்லை. யாரோ ஒருவர் வலியோடு அவ்வளவு தூரம் வந்து நிற்பார், அவர் பெயரே அங்கே இருக்காது.

சீனியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உன் மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேனேஜர் வெளியே விடத் தயாராகிக்கொண்டிருந்தார்.

நேராக அவரிடம் போனேன், அக்கா. "சார், விடாதீங்க. முழுசா ஓடல. தேதி மாத்துறது உடைஞ்சிருக்கு."

"அதெப்படி ஓடாமப் போகும்? யார் பாத்த வேலை இது?"

பின்னாலிருந்து சீனியர் குரல் வந்தது. "நான்தான் சார். குறிய எடுக்க மறந்துட்டேன்."

அவருக்கு எல்லார் முன்னாலும் அர்ச்சனை விழுந்தது. முடிந்ததும் என் மேஜைப் பக்கமாக வந்தார். "தூங்குமூஞ்சின்னு நெனச்சேன். நல்லா முழிச்சுக்கிட்டுதான் இருந்திருக்க." அவ்வளவுதான் சொன்னார்.

சாப்பாட்டு நேரத்தில் அவர் ஜன்னலோர மேஜையில் மற்றவர்களோடு உட்கார்ந்தார். நான் எதிர் நாற்காலியில் என் பையை வைத்தேன். ஒருவர் வந்து, "இங்க யாராவது வர்றாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. நாற்காலி கடைசிவரை அப்படியே கிடந்தது. நான் டப்பாவை மூடிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன்.

செய்தது சரிதான் என்று தெரியும். அதை நீ சொல்ல வேண்டாம். அம்மாவிடமும் எதுவும் சொல்லாதே, பயந்துவிடுவாள். நாளைக்கு நான் சாப்பிடும் நேரத்துக்கு ஒரு போன் போடு. வேலையைப் பற்றிக் கேட்காதே. வீட்டில் யார் யாரோடு சண்டை, மாமா என்ன உளறினார், எதையாவது பேசிக்கொண்டே இரு. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை வைத்துவிடாதே.