றோசம்மாவின் வியாழக்கிழமை

உபசரிப்பைப் பற்றிப் பிரசங்கம் பண்ணிய போதகர், போகிற போக்கில் சபையில் ஒருத்தியான அஜந்தாவின் பெயரைச் சொல்லிவிட்டார். "வாறவங்களுக்கு எப்பவும் திறந்த வீடு எண்டா அதுதான்" என்றார். முன் வாங்கில் இருந்த றோசம்மாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது?

எரியாதா பின்னே? வியாழக்கிழமை ஜெபக்கூட்டம் எத்தனை வருடமாக அவள் வீட்டில் நடந்தது! மாபிள் தரை, உறை போட்ட கதிரைகள், ஆளுக்கொரு பீங்கான் தட்டில் கேக்கும் பற்றிஸும். வந்தவர்களை ஒரு வேலை செய்ய விட்டிருப்பாளா? கோப்பை கழுவ எழும்பினால்கூட "இருங்க, இருங்க" என்று பிடித்து இருத்திவிடுவாள். அப்படிப்பட்ட வீட்டை விட்டுவிட்டு, மழைக்கு ஒழுகும் அஜந்தா வீட்டுக்குக் கூட்டத்தை மாற்றிக்கொண்டு போய்விட்டார்களே, நன்றிகெட்டதுகள்!

"அவ என்ன மருந்து போட்டாளோ" என்று புருசன் மத்தேயுவிடம் புலம்பினாள். அவர் எப்போதுமே அதிகம் பேசாத மனுசன். வியாழன் பின்னேரமானால் வாவிக்கரைக்குக் காற்று வாங்கப் போய்விடுவார்.

அந்த வியாழன் றோசம்மா நல்ல சாரி உடுத்துக் கிளம்பினாள். எல்லாருக்கும் முன்னால் கேட்டுக் கூட்டத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஒரே பிடி.

அஜந்தா வீட்டு வாசலில் கால் வைத்ததும் குசினிக்குள்ளிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. ஆம்பிளைச் சிரிப்பு, வயிறு குலுங்குகிற சிரிப்பு. எட்டிப் பார்த்தாள். கூட்டத்துக்கு வந்த பெண்கள் மீன் வெட்டுகிறார்கள், பிட்டு அவிக்கிறார்கள். நடுவில் சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு, திருவலையில் குந்தித் தேங்காய் திருவுகிறார் மத்தேயு. கல்யாணம் முடித்து இத்தனை காலத்தில் அந்தச் சிரிப்பை அவள் கேட்டதே இல்லை. இதுவரை எரிந்ததெல்லாம் ஒரு எரிச்சலா என்றாகிவிட்டது.

"காத்து வாங்கப் போறண்டு சொன்னீங்க?"

மத்தேயுவின் சிரிப்பு நின்றது. "சொன்னா நீ கோவிப்பாய் எண்டுதான்..."

"எங்கட வீட்ட ஒரு நாளும் இப்பிடிச் சிரிக்கயில்லையே. நான் என்ன குறை வச்சன்?"

அவர் கையிலிருந்த தேங்காய்ப் பாதியைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "ஒரு குறையுமில்ல. குசினிக்க வர விடமாட்டாய், கதிரையத் தள்ளிப் போடவும் விடமாட்டாய். அங்க நானும் விருந்தாளிதானே, றோசம்மா."

அஜந்தாதான் கையைத் துடைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தாள். "கோவிக்காதீங்க அக்கா. வாற கிழமை கூட்டத்த உங்கட வீட்டயே வைப்பமா?"

கேட்க வந்ததே அதைத்தான். ஓம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. றோசம்மா மத்தேயுவின் முகத்தைப் பார்த்தாள். கூட்டம் திரும்பி வந்தால் அந்த மனுசன் மறுபடியும் உறை போட்ட கதிரையில் வாயை மூடிக்கொண்டு இருப்பார்.

"வேணாம்" என்றாள். அஜந்தாவின் மேலிருந்த ஆத்திரம் ஒரு துளிகூடக் குறையவில்லை. "இஞ்சயே நடக்கட்டும். அவர் இஞ்சதானே சிரிக்கிறார்."