இரண்டாம் கியர் குளிரில் விழாது

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு வாட்ஸ்அப் செய்தியிலிருந்து வந்தது. செய்தி வந்தது திங்கட்கிழமை. இன்று வியாழன். பதில் எழுத வேண்டியவன் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

“தம்பி, இந்த வீடியோவை ஒருக்காப் பாரும். இப்ப நான் சரியா மாத்திறனோ?”

அனுப்பியவர் அன்னபாக்கியம் அன்ரி. அவர் மாற்றுவது கியர். கார் நான் விற்றது. வீடியோவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு நான் இன்னும் தயாராகவில்லை.

2.

தொடக்கம் ஒன்று: ‘ஒக்லாந்தில் மழை பெய்துகொண்டிருந்’ — வேண்டாம். ஒக்லாந்து ஒக்லாந்தில் இருந்தது என்று எழுதுவதும் இதுவும் ஒன்று.

தொடக்கம் இரண்டு: ‘மகேசன் என்றொரு இளைஞன் தன் பழைய காரை விற்க முடிவெடுத்தபோது’ — மகேசன் நான்தான். நாலு வரி எழுதினேன். அவன் செய்த எல்லாவற்றுக்கும் ஏதாவது காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது: பரீட்சை, வாடகை, சிறுவயதுத் தனிமை. ஐந்தாவது வரியில் அவனை எனக்குப் பிடித்துப்போனது. உடனே நீக்கிவிட்டேன்.

தொடக்கம் மூன்று: என் பெயர் விதுஷன். வயது இருபத்திரண்டு. காரைச் சூடாக்கி விற்றேன்.

இதையே வைத்துக்கொள்வோம்.

3.

விற்பதற்கு ஒரு கிழமை முன்னர் காரை முன்சாமியிடம் காட்டினேன். நியூ லின்னில் கராஜ் வைத்திருப்பவர்; ஃபிஜியிலிருந்து வந்தவர்.*

எஞ்சினை அணைத்துவிட்டுக் கியர்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். எல்லாம் சத்தமில்லாமல் விழுந்தன. “கியர்த் தடியில பிழையில்ல.” பிறகு எஞ்சினைப் போட்டு, நின்ற இடத்திலேயே மாற்றினார். அப்போதும் விழுந்தன. “கிளட்சும் சரி. கிளட்ச் பிழையெண்டா இப்பவே எல்லாக் கியரும் அடம்பிடிக்கும்.” பிறகு தெருவில் ஓட்டினார். இரண்டாம் கியருக்குப் போகும்போது மட்டும் கார், வால் மிதிபட்ட பூனையைப் போலக் கத்தியது.

“சிங்க்ரோ தேஞ்சுபோச்சு, புரோ.”

கியர் விழுமுன் உள்ளே சுற்றுகிறவற்றின் வேகத்தை ஒன்றாக்கும் வளையம் அது. குளிரில் கத்தும். இருபது நிமிஷம் ஓடி எண்ணெய் இளகினால் அடங்கிவிடும். திருத்துவதென்றால் கியர்ப்பெட்டியையே இறக்க வேண்டும். அந்தச் செலவுக்கு இதே மாதிரி இன்னொரு கார் வாங்கலாம்.

துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, “விக்கிறதெண்டா வாங்கிற ஆளுக்குச் சொல்லிப்போடு” என்றார்.

இந்தக் கடைசி வரியை மூன்று வரைவுகளில் வெட்டினேன். வெட்டியபோதெல்லாம் கதை நன்றாக இருந்தது.

(* முன்சாமி பேசியது ஆங்கிலம். தமிழ் அவருடைய பெயரோடு நின்றுவிட்டது. இந்தக் கதையில் சாக்குச் சொல்லாமல் உண்மை பேசுகிற ஒரே ஆண் அவர்தான். அதையும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது.)

4.

அன்ரி கார் பார்க்க வந்தது ஜூலை மாதத்துச் சனிக்கிழமை, பத்து மணிக்கு. ஜூலை இங்கே நடுக்குளிர். ஒன்பதரைக்கு நான் மோட்டர்வேயில் இருந்தேன். பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் திரும்பிவந்து பொனெட்டில் கைவைத்தேன். சுட்டது. ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றி, கார் கழுவுகிற நல்ல பிள்ளையாக நின்றேன்.

அன்ரிக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒக்லாந்தின் தெற்கு ஓரத்தில், புக்கெகோஹியில் மரக்கறி பொதிசெய்யும் கொட்டகையில் வேலை. வவுனியாவில் பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூட வான் ஓட்டியவர். ஏறினார், ஓட்டினார். இரண்டாம் கியர் வெண்ணெயாக விழுந்தது.

“நல்ல கியர், தம்பி. வளர்த்த பிள்ளை மாதிரி வைச்சிருக்கிறீர்.”

“ஓம் அன்ரி.”

[இங்கே ஒரு நீண்ட மனப்போராட்டம் வரவேண்டும். நினைவில் தேடிப் பார்த்தேன். நடக்கவில்லை.]

5.

அடுத்த நாள் கோயிலில் காருக்குப் பூசை. ஐயர் பொனெட்டில் சந்தனம் வைத்தார். நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய்.

“நீரே ஏறி ஓடும், தம்பி. உம்மடை கை ராசியான கை” என்றார் அன்ரி.

ஏறினேன். தேசிக்காயை நசிக்க முதலாம் கியரே போதும். கார் ஒரு சத்தமும் போடவில்லை. ஐயர் எனக்குத்தான் முதலில் விபூதி தந்தார். நானும் வாங்கிப் பூசிக்கொண்டேன்.

6.

மூன்று கிழமை கழித்து அன்ரி போன் எடுத்தார்.

“தம்பி, ஒரு விசயம். வெளிக்கிடேக்கை ரெண்டாம் கியருக்குக் கத்துது. புக்கெகோஹிக்குக் கிட்டப் போகேக்கை கத்தேல்லை. என்னவா இருக்கும்?”

முன்சாமி சொன்னதைத்தான் அவரும் சொன்னார். யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஓட்டிப் பார்த்தே கண்டுபிடித்திருந்தார். ‘ஓம்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

நான் சொன்னது: “நீங்கள் கிளட்சை முழுசா மிதிக்கேல்லைப் போலை, அன்ரி. வெளிக்கிடேக்கை குளிருக்குக் கால் விறைச்சிருக்கும். போகப் போக இளகும்.”

பொய் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தில் என்னை நையாண்டிக்காரன் என்பார்கள். என் ஆகச் சிறந்த வாக்கியம் இதுதான்.



“ஓமோம், இருக்கும். அங்கை வான் ஓடின கால், இஞ்சை வந்து எல்லாத்தையும் மறந்துபோச்சு. லைசென்ஸ் டெஸ்டிலையும் கத்தினது. நான் பதகளிச்சுப்போனன். ஃபெயில் எண்டிட்டினம்.” பிறகு, “உம்மடை அருமையான காரை நான் பழுதாக்கிறன், தம்பி. குறை நினையாதையும்.”

“பரவாயில்லை அன்ரி” என்று அவரை மன்னித்தேன். அதையும் செய்தேன்.

7.

இப்போது வீடியோ.

வீட்டு வாசலில் நிற்கிற கார். அன்ரியின் காலில் இரண்டு சோடி காலுறை, ஒன்றின்மேல் ஒன்று. கிளட்சைத் தரைவரைக்கும் மிதிக்கிறார். “ஒண்டு. ரெண்டு. மூண்டு.” எல்லாம் சத்தமில்லாமல் விழுகின்றன. “பாத்தீரோ? நீர் சொன்ன மாதிரி முழுசா மிதிச்சா வருது. ஒவ்வொரு நாளும் வேலை முடிய அரை மணித்தியாலம் பழகிறன். பெற்றோல் வீணாக்காமல், எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு.”

எஞ்சினை நிறுத்தினால் அந்தக் காரில் எந்தக் கியரும் விழும். முன்சாமி முதலில் செய்த சோதனை அதுதான்.

மறு டெஸ்ட் நாளைக் காலை எட்டு இருபதுக்கு. டெஸ்ட் நிலையம் அவர் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷம். கார் குளிர்ந்தே இருக்கும். ஊர் லைசென்ஸில் இங்கே ஓட்டலாம் என்ற காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. அவருடைய வேலை தொடங்கும் நேரத்துக்கு ரயில் இல்லை. நாளைக்கும் ஃபெயில் என்றால் கொட்டகை வேலை போய்விடும்.

8.

முடிவு அ: நான் போய் எல்லாவற்றையும் சொல்கிறேன். அன்ரி திட்டிவிட்டு, தேத்தண்ணி ஊற்றித் தருகிறார். இதை எழுதும்போது கண் கலங்கியது. கலங்கியது எனக்காக. நீக்கிவிட்டேன்.

முடிவு ஆ: கார் தானாகவே — இல்லை.

முடிவு இ: போனில் தட்டச்சு செய்துவைத்திருக்கிறேன். [அன்ரி, நாளைக்கு டெஸ்டுக்கு முதல் இருபது நிமிசம் மோட்டர்வேயிலை ஓடிப்போட்டுப் போங்கோ. கால் சூடாகும்.] அன்ரி பாஸ் பண்ணுவார். வேலை நிலைக்கும். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவராது. என் கை ராசியான கையாகவே இருக்கும். பன்னிரண்டு வருஷம் வான் ஓட்டியவர் மட்டும், தன் காலில்தான் பிழை என்று நம்பிக்கொண்டே இனி ஒவ்வொரு விடியற்காலையும் புறப்படுவார்.

நல்ல முடிவு. நாலு நாளாக இதை அனுப்ப முடியாமலிருப்பது ஏனென்று தெரியவில்லை. தெரியும்.

முடிவு ஈ: [அன்ரி, பிழை காரிலை. எனக்கு முதலே தெரி — இதற்கு மேல் விரல் போகவில்லை.

9.

வாசகரே, முடிவை உங்களிடம் தந்துவிடலாம் என்றுதான் இந்த வடிவத்தையே தேர்ந்தெடுத்தேன். மீபுனைவில் அப்படி ஒரு வசதி உண்டு. கோழைத்தனம் செய்தால் உத்தி என்பார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவில்லை. நான் போனில் தட்டுவதும் அழிப்பதுமாக இருக்கும்போதெல்லாம், அன்ரியின் திரையில் என் பெயருக்குக் கீழே ‘எழுதுகிறார்…’ என்று தெரிந்துகொண்டிருக்கிறது. நாலு நாளாக.

இப்போது ஒரு செய்தி வந்தது.

“கனநேரமா எழுதிறீர், தம்பி. அவ்வளவு பிழையோ நான்?”

இதற்கு மேல் கதையை நீட்டினால், பதில் எழுதாமலிருக்கத்தான் நீட்டுவேன். நிறுத்துகிறேன். இ, ஈ இரண்டு பதில்களும் ஒரே சொல்லில்தான் தொடங்குகின்றன. அதை மட்டும் தட்டிவிட்டேன்.

[அன்ரி,