மழைக்கு லீவு

சூர்ணி ஆற்றுப் பக்கமிருந்து மேகம் கறுத்து ஏறி வருவதைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. எட்டாம் வகுப்பு வாசலில் நின்றபடி, கையிலிருந்த போனைப் பார்த்து, "வருது முசியோகா, வருது! பிள்ளைங்கள உட்கார வைங்க!" என்று கத்தினேன்.

போனின் ஒரு பாதியில் கென்யாவின் கிட்டுய் ஊரில் முசியோகாவும் அவர் வகுப்பும். மறு பாதியில் போர்ச்சுகலில், பொழுது சரியாக விடியாத சமையலறையில் காபிக் கோப்பையோடு இனேஸ். நாங்கள் மூன்று ஆசிரியர்களும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. எந்தப் பள்ளியும் இணையத்திலிருந்து எடுத்து நடத்தும்படி ஒரு வருஷமாகச் சூழலியல் பாடங்கள் செய்துகொண்டிருக்கிறோம். மண் முசியோகாவுக்கு, காட்டுத்தீ இனேஸுக்கு, மழை எனக்கு. வங்காளத்துக்காரியிடம் வேறு எதைக் கொடுப்பார்கள்? எங்கள் ஊர் ராணாகாட்டில் மழை கொட்டும்போதே என் மாணவிகள் வெட்டிய பாட்டிலில் அதை அளக்க வேண்டும், மழையை அதிகம் காணாத கிட்டுய் பிள்ளைகள் கேள்வி கேட்க வேண்டும், அப்படியே பதிவு செய்ய வேண்டும் என்று அடம்பிடித்தவளும் நான்தான். இரண்டு முறை எல்லாரும் கூடி உட்கார்ந்தும் மழை ஏமாற்றிவிட்டது. நாளை முதல் முசியோகாவின் பள்ளிக்கு விடுமுறை. இன்றும் தவறினால் காசு கொடுத்து வாங்கிய பொம்மைப்பட மழையைப் பாடத்தில் சேர்த்துவிடுவதாக இனேஸ் சொல்லிவிட்டாள். பொம்மை மழை! நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் துளிகள் தகரக் கூரையில் விழுந்தன. அடுத்த மூச்சில் எதிர்க் கட்டடமே மறைகிற மழை. மாணவிகள் பாட்டில்களோடு எழுந்தார்கள். நான் போனை உயர்த்திப் பிடித்தேன். அப்போதுதான் பள்ளி மணி நிற்காமல் நீளமாக அடிக்கத் தொடங்கியது.

"ரெய்னி டே!" என்று ஒரே கூச்சல். கண் மூடித் திறப்பதற்குள் வகுப்பு காலி.

மழை வலுத்தால் மணியடித்துப் பள்ளியை விட்டுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நானும் அந்த மணிக்காகவே ஜன்னலைப் பார்த்துப் படித்தவள்தான். ஆனால் பாடத் திட்டத்தில் 'மழை தொடங்கியதும் வகுப்பு தொடங்கும்' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். மழை தொடங்கினால் வகுப்பே இருக்காது என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. மற்ற இரண்டு பேருக்கும் எப்படித் தெரியும்?

எங்கள் பெண்கள் பள்ளியில் ஆசிரியைகள் பிள்ளைகளுக்குத் திதிமணி, தலைமையாசிரியை எல்லாருக்கும் பெரியக்கா. வராந்தாவில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றவரிடம் ஓடினேன்.

"பெரியக்கா, யாரக் கேட்டு மணி அடிச்சீங்க?"

"வானத்தக் கேட்டு அடிச்சேன் ஷர்பரி. உன்கிட்ட உத்தரவு வாங்கணுமா?"

"இன்னிக்குப் பதிவுன்னு காலையிலயே சொன்னேனே!"

"சொன்னே. மழை பெய்யும்போது பதிவுன்னு சொன்னியா? போன வருஷம் தண்ணி தேங்கி, பிள்ளைங்க ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டது மறந்துபோச்சா? அடிச்ச மணிய இனி என்ன பண்ண, போ."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்கு அழுகை முட்டியது.

"முவாலிமு," என்றார் போனில் முசியோகா. அவர்கள் ஊரில் ஆசிரியரை அப்படித்தான் அழைப்பார்கள். "உங்க பிள்ளைங்க எங்க?"

"ஓடிட்டாங்க. இங்க மழை பெஞ்சா லீவு."

அவர் திரும்பித் தன் வகுப்புக்கு அதைச் சொன்னார்.  மேசைகளைத் தட்டி வகுப்பே சிரித்தது. "மழைக்கா? மழைக்குப் போய் லீவா?"

"ஷர்பரி, பதிவு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு," என்று இனேஸ் கத்தினாள். "நிறுத்தித் தொலைச்சிடாத!"

மைதானத்திலிருந்து கீச்சென்று சத்தம். எட்டிப் பார்த்தேன். பாதிப் பேர் வீட்டுக்கே போகவில்லை, சேற்றில் குதித்துக்கொண்டிருந்தார்கள். போனை பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு இறங்கி ஓடினேன்.

"தோயல்! பாட்டில் எங்கடி?"

"இதோ திதிமணி! ஒரு விரல் ஏறிருச்சு!"

"என்னோடதுல ஒண்ணுமே இல்ல," என்று மாமரத்தடியிலிருந்து இன்னொருத்தி சிணுங்கினாள். "ஏன் திதிமணி?"

"என்னைக் கேட்காத. அவங்களக் கேளு!"

போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். கிட்டுயிலிருந்து பத்துக் குரல்கள் ஒன்றாக வந்தன. "வெளிய வாடி! உன் பங்க மரம் குடிச்சிருச்சு!" மைதானமும் வகுப்பும் சேர்ந்து சிரித்தன.  ஒரு வருஷம் எழுதித் திருத்திய எந்த வரியும் இதற்கு ஈடாகாது.

தலைக்கு மேல் குடை வந்தது. பெரியக்கா. என் தலைக்கு இல்லை, போனுக்கு.

"நீ நனைஞ்சா காஞ்சிடுவ. இது காயுமா?" என்றார். பிறகு, "மரத்தடியில நிக்காதடி, இடி இடிக்கும்!" என்று அந்தச் சிணுங்கியை அதட்டினார்.

திரையில் மெலிந்த சிறுமி ஒருத்தி எழுந்து நின்றாள். பெயர் ம்வெண்டே என்றார்கள்.

"முவாலிமு," என்றாள், என்னிடம் இல்லை, தன் ஆசிரியரிடம். "நம்ம ஊருல மழை பெஞ்சா நமக்கும் லீவு உண்டா?"

 முசியோகா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"பெய்யட்டும்," என்றார். "நானே ஓடிப் போய் மணி அடிக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. கிட்டுய் வகுப்பில் ஒவ்வொரு தலையாக ஜன்னல் பக்கம் திரும்பியது. கம்பிகளுக்கு அப்பால், ஒரு பொட்டு மேகம் இல்லாத நீலம் கண் கூச நின்றது.