பிளாஸ்டர் ஆகாத கை

எனக்குப் பிளாஸ்டர் ஆகாது. ஆகாது என்றால் சும்மா சிவந்துபோவதில்லை. ஒட்டிய இடம் மறுநாளே கொப்புளம் கொப்புளமாகப் பொங்கிவிடும். பிரித்தால் தோலும் கூடவே வரும். அறுபது வயது தாண்டும்வரை இது எனக்கே தெரியாது. வெள்ளிமலை பஸ்ஸில் கண்டக்டராக இருந்த இந்த ராஜாங்கத்துக்கு யார் பிளாஸ்டர் ஒட்டினார்கள்? பை மாட்டிய தோள் காய்த்துப்போனதுதான் மிச்சம்.

காலில் சர்க்கரைப் புண் வந்து பெருவிரலைத் தாண்டி ஏறிவிட்டது என்று கள்ளக்குறிச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். "மருந்து நரம்பு வழியா தெனமும் ஏறணும். ஏறிட்டா கால் உங்களுது. இல்லன்னா முட்டிக்குக் கீழ எடுக்கணும்" என்றார் டாக்டர். சோறு சாப்பிட்டீர்களா என்று கேட்கிற குரலில் இதைச் சொன்னார், பாவி மனுஷன்.

மருந்து ஏற்றக் கையில் ஒரு ஊசியைக் குத்தி அப்படியே விட்டுவைப்பார்கள். அது நகராமல் இருக்கத்தான் பிளாஸ்டர். முதலில் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டினார்கள், கை வெந்தது. வேறு இடத்தில் குத்திக் காகிதப் பிளாஸ்டர் ஒட்டினார்கள். அந்த அரிப்பில் தூக்கத்திலேயே சொறிந்து ஊசியோடு பிய்த்துவிட்டேன். இப்படியே ஒவ்வொரு நரம்பாகத் தீர்ந்து, இடது முன்கையில் ஒன்றுதான் மிஞ்சியது.

"இதுவும் போச்சுன்னா இங்க வெச்சிப் பார்க்க முடியாதுங்க ஐயா. பாண்டிச்சேரிதான்" என்றாள் நர்ஸ் அஸ்ரின். சின்னப் பெண், நறுக்கென்று பேசுவாள்.

அதற்கப்புறம்தான் பிளாஸ்டரே வேண்டாம் என்று முடிவு செய்தாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான். ஊசிமேல் பஞ்சை வைத்து மெல்லிய கட்டுத்துணியைச் சுற்றிவிட்டாள்.

"ஆனா இதுல ஒரு தொல்ல கீது. உள்ள வீங்கினா வெளியில தெரியாது. மருந்து நரம்ப வுட்டு சதையில எறங்கிடும். பக்கத்துல ஒரு ஆள் இருந்து பார்த்துக்கினே இருக்கணும். உங்ககூட யாரு கிறாங்க?"

"பையன் வந்துக்கினு கிறான்" என்றேன்.

கண்டக்டர் புத்தி போகுமா? நிரம்பி வழிகிற வண்டியிலிருந்து தலையை நீட்டி, 'பின்னாடியே காலியா ஒரு வண்டி வருது' என்று எத்தனை ஊர்ச் சனத்தை ரோட்டில் நிறுத்திவைத்திருக்கிறேன். என் மகன் அன்புச்செல்வன் சிங்கப்பூரில் இருக்கிறான். அம்மா காரியத்துக்கு வந்துபோனவன்தான். ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றைக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பார்த்துவிட்டு அவனே கூப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு மட்டும் வீம்பு இருக்காதா?

யாரும் வராததால் அஸ்ரினே வந்து வந்து பார்த்தாள். என் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, துணியைத் தளர்த்தி, ஊசியைச் சுற்றி விரலால் அழுத்தி, "வலிக்குதா? எரியுதா?" என்பாள். நான் "இல்லம்மா" என்றதும் திரும்பச் சுற்றுவாள். வீட்டுக்காரி போன பிறகு என் கையை யாரும் இப்படி எடுத்து வைத்துக்கொண்டதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் வருகிற நேரத்துக்காகவே காத்துக் கிடந்தேன்.

இதற்கிடையில் என் வலது கையில் வகைக்கொன்றாக நகமளவு ஒட்டுத் துண்டுகளை ஒட்டிவைத்து, மறுநாள் பிரித்துப் பார்த்தாள். சிலிக்கான் ஒட்டு ஒன்றுதான் தோலில் சுவடே காட்டவில்லை. அதைச் சேலத்திலிருந்து வரவழைத்து ஊசிமேல் ஒட்டினாள். கண்ணாடி மாதிரி உள்ளே இருப்பதெல்லாம் வெளியிலிருந்தே தெரிந்தது.

"அப்பாடா. இனிமே உங்க பையன் மெதுவாவே வரட்டும்" என்று சிரித்தாள்.

அதோடு சரி. பிறகு வாசலில் நின்றபடியே, "கைய காட்டுங்க ஐயா" என்பாள். காட்டுவேன். "சூப்பர்" என்று போய்விடுவாள். மருந்து மாட்டும்போதும் குழாயைத் தொடுவாள், கையைத் தொடமாட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? வார்டு முழுக்க ஆள். பக்கத்துப் படுக்கை நைனார்பாளையத்துக்காரருக்குப் பெண்டாட்டி, மச்சான், மருமகள் என்று ஒரு ஊரே உட்கார்ந்து ரசஞ்சோறு சாப்பிட்டது. எனக்கும் நீட்டினார்கள். சாப்பிட்டாயிற்று என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

அன்று சாயங்காலம், "அரிக்குதும்மா" என்றேன்.

அஸ்ரின் ஓடிவந்து கையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "சிவக்கலியே. ரொம்ப அரிக்குதா?"

"ஜாஸ்தியா கீது."

பழையபடி துணிக்கட்டு போடுவாள் என்று நினைத்தேன். அவளோ முகம் சுண்டிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். "சிலிக்கானும் ஆகலன்னா அந்த நரம்ப வெச்சி விளையாட வேணாம். துணி கட்டுனா பார்த்துக்கக் கூட ஆளும் இல்ல. ஊசிய எடுத்துட்டு பாண்டிச்சேரிக்கு அனுப்பிடலாம்" என்றார் அவர். அஸ்ரின் ஒட்டின் ஓரத்தைத் தூக்க நகத்தை வைத்தாள். என் கடைசி நரம்பு. என் கால்.

"எடுக்காதம்மா" என்றேன். "அரிக்கல. பொய் சொன்னேன்."

"என்ன விளையாட்டுங்க இது?" என்றார் டாக்டர்.

அவரைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொன்னேன். "நீ கைய எடுத்து வெச்சிப் பார்ப்பியே, அது நின்னு போச்சு. அதான். பையன் வரமாட்டாம்மா." சொன்னதும் அழுகை வந்துவிட்டது. டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

அஸ்ரின் திட்டவில்லை. ஒட்டின் ஓரத்தை நீவிவிட்டாள். என் கையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஊசியைச் சுற்றி மெல்ல அழுத்தினாள். எல்லாம்தான் வெளியே தெரிகிறதே, அழுத்த வேண்டிய அவசியமே இல்லை.

"வலிக்குதா?"

வலிக்கிறது என்றால் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருப்பாள். ஆனால் ஊசியை எடுத்துவிடுவார்கள்.

"இல்லம்மா" என்றேன். கையைப் படுக்கையில் வைத்துவிட்டுப் போனாள்.