விடியுமுன் நடுப்பகல்

போன மாசி மாதம் செத்த நட்சத்திரம் ஒன்று, சூரியனுக்கு முன்னாடியே கரியாலூரில் என் வீட்டுக்கு மேல் நடுப்பகலைக் கொண்டுவந்தது. உலகத்திலேயே அதைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். சிரியுங்கள், பரவாயில்லை. போலீஸ் வயர்லெஸ்ஸில் ஓய்வுபெற்றதிலிருந்து கல்வராயன் மலையே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

கொல்லையில் கட்டில் அகலத்துக்கு ஒரு மரச்சட்டம். அதில் சுற்றியிருக்கும் செம்புக்கம்பியை அவிழ்த்தால் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டையே கட்டிப்போடலாம். தெற்கே கடலோர நிலையம் ஒன்று நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு அனுப்பும் அலையை அது பிடிக்கும். அந்த அலை வானத்தின் அடித்தட்டில் பட்டுத் திரும்பித்தான் இங்கே வருகிறது. பகலில் சூரியன் அந்தத் தட்டைக் கீழே அமுக்கும். என் மீட்டர் முள் படுத்துவிடும். இருட்டினால் எழுந்து நிற்கும். விருச்சிகம் உச்சிக்கு வரும்போது மட்டும், அதிலுள்ள எக்ஸ் கதிர் விண்மீன் ஒன்று முள்ளை மயிரிழை தாழ்த்தும். எனக்கு அது வைக்கும் வணக்கம் என்பேன்.

"வணக்கமும் இல்ல, வாழக்காயும் இல்ல," என்பாள் என் மனைவி பச்சையம்மாள். "சட்டத்துல ஈரப்புடவ போட்டேன், அது சாஞ்சிகினு நிக்குது, அதான் முள்ளு எறங்குது. போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தால் புடவை தொங்கும்.

எங்களை மலையிலிருந்து இறக்கித் தன்னோடு வைத்துக்கொள்ள, மகள் தேவிப்ரியா உளுந்தூர்பேட்டையிலிருந்து வேனோடு வருவதாக இருந்த மாசி நாள் அது. அந்த ஊர்க் கரண்டு கம்பிகளின் இரைச்சலில் என் முள் ஒன்றையும் கேட்காது. விடிந்ததும் செம்புக்கம்பியை வெட்டிவிடலாம் என்று நானே ஒப்புக்கொண்டிருந்தேன். கடைசியாக ஒருமுறை பார்க்க இருட்டோடு எழுந்து உட்கார்ந்தேன்.

முள் விழுந்தது. மயிரிழை அல்ல, நடுப்பகலில் படுக்கும் இடத்துக்கே போய்விட்டது. ஜன்னலில் கும்மிருட்டு. மின்னல் இல்லை, சத்தம் இல்லை, ஓர் இலைகூட அசையவில்லை. எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன் எங்கோ வெடித்த செத்த நட்சத்திரம் ஒன்றின் கதிர், எங்கள் ஓட்டுக்கு மேல் வானத்தை அமுக்கிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து முதல்முறையாக எனக்குப் பீற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

"பச்ச, சட்டத்துல புடவ போட்டியா?"

"இன்னும் குளிக்கவே இல்ல, இன்னா புடவ?"

டார்ச்சோடு கொல்லைக்குப் போனாள். திரும்பி வந்தாள். மீட்டரைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.

"சட்டம் நேராத்தாங்க நிக்குது. இது மத்தியானம் முள்ளு படுக்கிற எடமாச்சே?"

"ஆமா."

முள் மெல்ல எழத் தொடங்கியது.

"மறுபடியும் வருமா?"



வேன் வந்தபோது நல்ல வெயில். "அப்பா இன்னாம்மா, புதுசா ஒரு கத வுடறாரு?" என்று சிரித்தாள் தேவிப்ரியா. கட்டிங் பிளேயரோடு சட்டத்தின் கீழே நின்றிருந்த பச்சையம்மாள் கம்பியைத் தொடவில்லை. மழைக்கு ஒதுங்குகிறவள் மாதிரி முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு, வெறும் வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"கத இல்லடி. நடந்துச்சு. நானும் பாத்தேன்."