எந்த ஆம்ஸ்டர்டாம்?

பாரிஸ் லா சப்பலில், தவரத்தினத்தின் புடவைக் கடையில், மாமியாராகப் போகிற தில்லைநாயகி ஆறாவது கூறைப்புடவையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனியும் பொறுக்க முடியாது என்று துஷாந்தி விஷயத்தை அவிழ்த்தாள்.

“மாமி, கலியாணத்தை ஒரு வருசம் பிந்தி வைப்பமோ? எனக்கு ஒரு வேலை கிடைச்சிருக்கு. கார்த்திகையிலை போகவேணும்.”

“எங்கை?”

“ஆம்ஸ்டர்டாம்.”

“அதொரு தூரமோ பிள்ளை? காலமை ரயில் ஏறினால் மத்தியானச் சோத்துக்கு அங்கை நிக்கலாம். தையிலை வந்து கழுத்தை நீட்டிட்டுப் போ.”

மாப்பிள்ளை மதுஷன் கண்ணாடிக்கு முன்னால் சால்வை போட்டுப் பார்க்கிற சாட்டில் நின்றான். “அம்மாட்டை நீயே சொல்லு” என்று வாசலிலேயே கைகழுவியவன் அவன்.

“அந்த ஆம்ஸ்டர்டாம் இல்லை மாமி. இந்து சமுத்திரத்திலை எரிமலை கக்கி எழும்பின தீவு. ஒரு ஒல்லாந்துக் கப்பலின்ரை பேரை அதுக்கு வைச்சவை. ரியூனியன் தீவிலை கப்பலேறிக் கனநாள் போகவேணும். அங்கை இருக்கிற பிரெஞ்சு ஆராய்ச்சிக்காரருக்குச் சமைக்க ஆள் கேட்டவை.”

பாரிஸின் புறநகரான ஸ்தேனில், ஒரு பள்ளிக்கூடக் கன்டீனில் எட்டு வருசமாகக் கரட் சீவியவளுக்கு, கடிதம் வந்த நாளிலிருந்து கால் நிலத்தில் நிற்கவில்லை. இந்தக் கப்பலை விட்டால் இன்னொன்று வராது. மதுஷனை விடவும் மனமில்லை.

தில்லைநாயகி கூறையை மடித்தாள். “எரிமலையிலை சமையலோ? அடுப்பு மிச்சம்.”

“மலை இப்ப நித்திரை, மாமி.”

“ஊர்ச்சனம் ஆர்?”

“ஒருத்தருமில்லை. நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி ரியூனியனிலையிருந்து ஒரு குடும்பம் மாடுகளோடை போய், ஏலாமல் சில மாசத்திலை திரும்பிட்டினம். விட்ட மாடுகள் காட்டுமாடாப் பெருகித் தீவையே மேஞ்சுதாம். இப்ப அதுகளும் இல்லை.”

தவரத்தினத்துக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “எங்கடை நெடுந்தீவிலை வெள்ளைக்காரன் குதிரையை விட்டிட்டுப் போனமாதிரி. ஒல்லாந்தன் எங்கடை தீவுகளுக்கும் தன்ரை ஊர்ப் பேரைத்தான் வைச்சவன். நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட். உங்கடை காரைநகருக்கு, பழைய காரைதீவுக்கு, என்ன பேர் தெரியுமோ அக்கா? ஆம்ஸ்டர்டாம்.”

“விசர்க்கதை கதையாதை தம்பி.”

மதுஷன் அன்றைக்கு முதன்முதலாக உருப்படியான ஒரு வேலை செய்தான். போனில் யாழ்ப்பாணத் தீவுகளின் பழைய வரைபடமொன்றைத் தேடித் தாயிடம் நீட்டினான். தில்லைநாயகி மூக்குக்கண்ணாடியை ஏற்றி இரண்டுதரம் பார்த்தாள்.

“அங்கை காகம் இருக்கோ?”

துஷாந்தி திகைத்தாள். “காகமோ? இல்லை மாமி. அல்பட்ரோஸ் இருக்கு. உலகத்திலை வேறெங்கையும் கூடு கட்டாத ஒரு சாதி. செட்டையை விரிச்சால் இந்த மேசையிலும் நீளம்.”

“காகம் பறக்காத இடத்துக்கும் காரைதீவார் போவினம் எண்டு எங்கடை சனத்துக்குப் பேர். எங்கடை ஊர்ப் பேரிலை ஒரு தீவு, அதுக்குப் போறது அளவெட்டி ஊர்க்காரியோ?”

“நான் அளவெட்டிதானே மாமி.”

“அதுதான் சொல்லுறன். கப்பலுக்கு முதல் கலியாண எழுத்தை, பதிவை முடியுங்கோ. எங்கடை மருமோளாப் போ. தாலியும் மண்டபமும் நீ வந்தாப்பிறகு.”

துஷாந்திக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் தில்லைநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, மேரியிலை, நகரசபைக் கந்தோரிலை, பதிவுக்குத் திகதி எடுக்கவே ரெண்டு மாசம் செல்லும்” என்றான் மதுஷன்.

“அப்ப ஏன் இஞ்சை நிக்கிறாய்?”

அவன் திரும்பிப் பார்த்தபோது, துஷாந்தி மேரிக்குப் போகப் படியிறங்கித் தெருவுக்கே போய்விட்டிருந்தாள்.